தொழிற்சாலை நெட்வொர்க் கேமராவுக்கு டிரிக்கர்: சேலத்துப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி, கொலுசுப் பட்டறை, ஏற்காட்டு எஸ்டேட் ஷெட் என்று சேலத்தைச் சுற்றி எங்கு கேமரா மாட்டினாலும் மூன்றாம் நாள் போன் வரும்: "சார், கேமரா சரியில்லைங்க." போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கேமரா நன்றாகத்தான் இருக்கும். எந்த நேரத்தில் படம் எடுக்க வேண்டும் என்று அதற்கு ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். அப்படிச் சொல்லும் சிக்னலுக்குத்தான் டிரிக்கர் என்று பெயர். ஒரே பதிலைப் போனில் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிப்பதால் எழுதி வைக்கிறேன்.

சிசிடிவி கேமராவும் நெட்வொர்க் கேமராதானே, விலையும் குறைவு, அதையே மாட்டினால் என்ன?

வேலைக்கு ஆகாது. சிசிடிவி கேமரா ஓயாமல் வீடியோ எடுத்து, சுருக்கி, நெட்வொர்க்கில் அனுப்பிக்கொண்டே இருக்கும். சிலவற்றில் அலாரம் இன்புட் என்று ஒரு முனை இருக்கும். அதில் சிக்னல் கொடுத்தால் ரெக்கார்டிங் தொடங்குமே தவிர, அந்தக் கணத்தில் ஷட்டர் திறந்து மூடாது. நமக்கு வேண்டியது வயரில் சிக்னல் ஏறியதும் சில மைக்ரோ செகண்டுக்குள் எக்ஸ்போஷர், அதாவது ஷட்டர் திறந்து படம் பதிவது, தொடங்கும் கேமரா. 2006-ல் வந்த கிக்-ஈ விஷன் தரத்தைப் பின்பற்றும் கேமராக்கள் இந்த வேலைக்கென்றே செய்யப்பட்டவை. சுருக்காத படத்தைச் சாதாரண ஈதர்நெட் கேபிளில் 100 மீட்டர் வரை அனுப்பும். ஜெனிகேம் என்ற பொது ஏற்பாடு இருப்பதால் எந்தக் கம்பெனி கேமரா வாங்கினாலும் டிரிக்கர் மோட், டிரிக்கர் சோர்ஸ் என்று செட்டிங் பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும்.

டிரிக்கரே எதற்கு? சும்மா ஓடவிட்டு, நல்ல படமாகப் பார்த்து எடுத்துக்கொண்டால் போதாதா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெல்ட் நிமிடத்துக்கு 30 மீட்டர் ஓடுகிறது என்றால் ஒரு மில்லி செகண்டுக்கு அரை மி.மீ. நகர்கிறது. கேமரா தன் போக்கில் நொடிக்கு 20 படம் எடுத்தால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 50 மில்லி செகண்ட், அதற்குள் பாக்கெட் 25 மி.மீ. போய்விடும். ஒரு படத்தில் பாக்கெட் நடுவில் இருக்கும், இன்னொன்றில் பாதி வெளியே இருக்கும். ஜவ்வரிசி பாக்கெட்டில் தேதி அச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை என்றால், அந்த அச்சு ஒவ்வொரு படத்திலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வர வேண்டும். இல்லையென்றால் சாஃப்ட்வேர் அதைத் தேடுவதிலேயே நேரத்தைத் தின்னும், ஒரே பாக்கெட்டை இரண்டு முறை எண்ணவும் செய்யும்.

கம்ப்யூட்டரிலிருந்தே டிரிக்கர் அனுப்பலாம் என்கிறார்களே, வயர் எதற்கு?

அனுப்பலாம், சாஃப்ட்வேர் டிரிக்கர் என்று பெயர். ஆனால் பாக்கெட் வருவதைப் பார்க்கும் சென்சார் பிஎல்சிக்கு (இயந்திரத்தை இயக்கும் கன்ட்ரோல் பெட்டி) சொல்லி, பிஎல்சி கம்ப்யூட்டருக்குச் சொல்லி, விண்டோஸ் தனக்கு ஒழிந்த நேரத்தில் கேமராவுக்குச் சொல்லும். ஒரு நேரம் 2 மில்லி செகண்ட் ஆகும், இன்னொரு நேரம் 15 ஆகும். தாமதம் நிலையாக இருந்தால் கவலையில்லை, கழித்துக்கொள்ளலாம். தாமதம் மாறிக்கொண்டே இருப்பதுதான் தொல்லை. மேலே சொன்ன பெல்ட்டில் 10 மில்லி செகண்ட் ஆட்டம் என்றால் படத்தில் 5 மி.மீ. ஆட்டம்.

அதற்காக எல்லா இடத்திலும் வயர் இழுக்கத் தேவையில்லை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசைக் கையால் தட்டில் வைத்து, பட்டனை அமுக்கி, படம் எடுத்து, பற்றவைப்பைப் பார்க்கிறார்கள் என்றால் அங்கே பொருள் நிற்கிறது. கம்ப்யூட்டர் அரை நொடி தூங்கினாலும் ஒன்றும் கெட்டுவிடாது. நகரும் பொருளுக்கு வயர், நிற்கும் பொருளுக்கு எது வசதியோ அது.

டிரிக்கர் மோடை ஆன் செய்தேன், படமே வரவில்லை. கேமரா போய்விட்டதா?

போகவில்லை. டிரிக்கர் வரும்வரை காத்திருக்கச் சொன்னீர்கள், காத்திருக்கிறது. கம்ப்யூட்டரில் டைம்-அவுட் என்று வருவதும் அதனால்தான்.

முதலில் டிரிக்கர் சோர்ஸை சாஃப்ட்வேர் என்று மாற்றி, வியூவரில் (கம்ப்யூட்டரில் கேமரா படத்தைக் காட்டும் சாஃப்ட்வேர்) உள்ள டிரிக்கர் பட்டனை ஒரு தடவை தட்டுங்கள். படம் வந்தால் கேமரா, கேபிள், நெட்வொர்க் எல்லாம் சரி, குற்றம் வயர் பக்கம். படம் வரவில்லை என்றால் டிரிக்கர் செலக்டரைப் பாருங்கள், ஏனென்றால் இந்தக் கேமராக்களில் டிரிக்கர் ஒன்று மட்டும் இல்லை. அக்விசிஷன் ஸ்டார்ட், ஃப்ரேம் ஸ்டார்ட் என்று இரண்டு மூன்று வகை இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆன்-ஆஃப். ஒரு சிக்னலுக்கு ஒரு படம் வேண்டும் என்றால் ஃப்ரேம் ஸ்டார்ட் மட்டும் ஆன், மற்றதெல்லாம் ஆஃப். யாரோ முன்பு நோண்டி அக்விசிஷன் ஸ்டார்ட்டையும் ஆனில் விட்டிருந்தால் தலைகீழாக நின்றாலும் படம் வராது. இதற்காகவே ஆத்தூர் ரோட்டில் ஒரு ஃபேக்டரிக்கு இரண்டு முறை போயிருக்கிறேன், இரண்டு முறையும் ஒரே காரணம்.

அடுத்து சோர்ஸை லைன் 1-க்கு, அதாவது சென்சார் வயர் வரும் முனைக்கு, மாற்றிவிட்டு, லைன் ஸ்டேட்டஸ் என்ற செட்டிங்கைத் திறந்து வைத்துக்கொண்டு சென்சார் முன்னால் கையை ஆட்டுங்கள். அது மாறினால் சிக்னல் கேமராவுக்குள் வருகிறது. மாறவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுங்கள், கம்ப்யூட்டரை மூடி வையுங்கள்.

பிஎன்பி சென்சார், என்பிஎன் சென்சார், எதை வாங்குவது?

பொருளைப் பார்த்ததும் பிஎன்பி தன் சிக்னல் வயரில் பிளஸ் கொடுக்கும், என்பிஎன் அதை ஜீரோவுக்கு இழுக்கும். புதிதாக வாங்குவதாக இருந்தால் பிஎன்பி. பிரவுன் வயர் பிளஸ் 24 வோல்ட், நீலம் ஜீரோ, கறுப்பு சிக்னல். கறுப்பைக் கேமராவின் ஆப்டோ இன்புட்டுக்கும் (உள்ளே மின்சாரத் தொடர்பு இல்லாமல் ஒளி வழியாகச் சிக்னல் வாங்கும் முனை), கேமராவின் ஆப்டோ கிரவுண்டை அதே ஜீரோவுக்கும் கொடுத்தால் முடிந்தது. இந்த ஜீரோவை மறப்பவர்கள்தான் அதிகம்: சென்சாருக்கு ஒரு பவர் சப்ளை, கேமராவுக்கு நெட்வொர்க் கேபிள் வழியாகவே பவர், இரண்டுக்கும் பொதுவான ஜீரோ எங்கும் இல்லை, அப்புறம் கரண்ட் எந்த வழியாகத் திரும்பும்?

கையில் இருப்பது என்பிஎன் என்றால் தூக்கிப் போட வேண்டாம். ஆப்டோ இன்புட்டில் 24-ஐக் கொடுத்து, அதன் கிரவுண்ட் முனையைச் சென்சாரின் கறுப்பில் சேர்த்தால் வேலை செய்யும், கேமராவின் ஆப்டோ கிரவுண்ட் வேறு எதனுடனும் சேராமல் தனியாக இருக்கும்வரை. அதே பிளக்கில் உள்ள சாதாரண ஜிபிஐஓ (இன்புட்டாகவோ அவுட்புட்டாகவோ வைத்துக்கொள்ளும்) முனையில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு 24 வோல்ட்டைக் கொடுத்துவிடாதீர்கள். அது வேகமானது, ஆனால் ஆப்டோவைப் போல உள்ளே காப்பு கிடையாது. மேனுவலில் எத்தனை வோல்ட் என்று பார்த்த பிறகு தொடுங்கள்.

ஒரு பாக்கெட்டுக்கு இரண்டு மூன்று படம் வருகிறதே?

இது இரண்டு வகை. கால் ஸ்விட்ச், லிமிட் ஸ்விட்ச் மாதிரி உலோக முனைகள் தொட்டுக்கொள்பவை எல்லாமே ஒரு அமுக்கலில் சில மில்லி செகண்டுக்குத் துள்ளும். நமக்கு ஒரு அமுக்கு, கேமராவுக்கு நாலு. இதற்காகவே டிபவுன்சர் என்ற செட்டிங் இருக்கிறது, நாம் வைத்த நேரம் வரை நிற்காத சிக்னலை அது கணக்கில் எடுக்காது. 5 அல்லது 10 மில்லி செகண்ட் வைத்தால் அடங்கிவிடும். அந்த எண்ணை மைக்ரோ செகண்டில் கேட்கும், அதனால் 10 என்று போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று போன் செய்யாதீர்கள். 10000 போட வேண்டும்.

இரண்டாவது வகை நம் ஊர் வகை. ஜவ்வரிசி பாக்கெட் செங்கல் மாதிரி நேராக இருக்காது. மேல் மடிப்பு முன்னால் நீட்டிக்கொண்டு வரும், ஃபோட்டோ சென்சார் முதலில் மடிப்பைப் பார்க்கும், பிறகு இடைவெளி, பிறகு பாக்கெட்டின் உடம்பு. மடிப்பு 3 மி.மீ. என்றால் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் அது 6 மில்லி செகண்ட் சிக்னல். டிபவுன்சரை 10 மில்லி செகண்ட் வைத்தால் மடிப்பு கணக்கில் வராது. ஆனால் டிபவுன்சர் உண்மையான சிக்னலையும் அதே 10 மில்லி செகண்ட் தள்ளிவைக்கும், படம் 5 மி.மீ. நகரும். பெல்ட் வேகம் மாறாதவரை அது எப்போதும் அதே 5 மி.மீ.தான், கேமராவையோ சென்சாரையோ கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும்.

எதுவும் செய்வதற்கு முன்னால் சென்சார் கண்ணாடியைத் துடையுங்கள். ஸ்டார்ச் மாவு படிந்த கண்ணாடி மதியம் வரை ஒழுங்காக வேலை செய்து, அப்புறம் ஒன்று விட்டு ஒன்று படம் எடுக்கும். நானே ஒரு முறை இரண்டு நாள் செட்டிங்கை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் பெல்ட் பக்கத்தில் நின்ற அக்கா சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் போனதும் சரியானதைப் பார்த்தவன்.

படம் கலங்கலாக, இழுத்துக்கொண்டு வருகிறது. டிரிக்கர் தாமதமா?

இல்லை, எக்ஸ்போஷர் நீளம். தாமதம் பொருளை இடம் மாற்றிக் காட்டும், நீண்ட எக்ஸ்போஷர்தான் இழுக்கும். 200 மி.மீ. அகலத்தை 2000 பிக்சலில் பார்த்தால் ஒரு பிக்சல் 0.1 மி.மீ. அரை மீட்டர் வேகத்தில் 1 மில்லி செகண்ட் ஷட்டர் திறந்திருந்தால் 5 பிக்சல் இழுப்பு, தேதியில் 3-ம் 8-ம் ஒன்றாகிவிடும். 200 மைக்ரோ செகண்டுக்குக் குறைத்தால் ஒரு பிக்சலுக்குள் நிற்கும். வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காகும், அதனால் கூடவே லைட்டுக்கும் பணம் ஒதுக்குங்கள். கேமராவுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு லைட்டுக்குக் கை சுருக்குவது நம் பக்கத்துப் பழக்கம்.

எக்ஸ்போஷர் மோடில் டிரிக்கர் விட்த் என்று ஒன்று இருக்கிறதே?

சிக்னல் எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு நேரம் ஷட்டர் திறந்திருக்கும். சென்சாரை நேராகக் கொடுத்து இதைப் போட்டால் பெரிய பாக்கெட் வெளுத்தும் சின்ன பாக்கெட் இருட்டாகவும் வரும், பெல்ட் மெதுவானால் இன்னும் வெளுக்கும். பிஎல்சி அளந்து பல்ஸ் தருகிறது என்றால் மட்டும் தொடுங்கள். மற்றவர்களுக்கு டைம்டு, அதாவது செட்டிங்கில் வைத்த நேரம் மட்டும் ஷட்டர் திறக்கும் மோட்.

சென்சாரைக் கேமராவுக்கு நேர் கீழே வைக்க இடமில்லை. முன்னால் வைத்து டிரிக்கர் டிலே கொடுக்கலாமா?

கொடுக்கலாம். 100 மி.மீ. முன்னால் என்றால், நம் பெல்ட்டுக்கு 200 மில்லி செகண்ட், அதாவது 200000 மைக்ரோ செகண்ட். இரண்டு இடத்தில் உதைக்கும். ஒன்று, சூப்பர்வைசர் மோட்டாரின் வேக டிரைவில் பெல்ட் வேகத்தைக் கூட்டினால் நேரம் அதேதான் இருக்கும், பாக்கெட் தாண்டிப் போயிருக்கும். இரண்டு, பல கேமராக்களில் ஒரு டிலே ஓடிக்கொண்டிருக்கும்போது வரும் அடுத்த சிக்னல் எண்ணப்படாது. பாக்கெட்டுகள் நெருக்கமாக வந்தால் ஒன்று காணாமல் போகும்.

என்னைக் கேட்டால் டிலேயை நம்பாமல் ஒரு சின்ன பிராக்கெட் வெல்டிங் செய்து சென்சாரைச் சரியான இடத்துக்கே கொண்டுபோங்கள். வேகம் உண்மையிலேயே மாறும் லைன் என்றால் ரோலரில் என்கோடர் (ரோலர் சுற்றச் சுற்ற பல்ஸ் தரும் கருவி) மாட்டி, நேரத்தை எண்ணாமல் தூரத்தை எண்ண வேண்டும். பிஎல்சி இத்தனை பல்ஸ் ஆனதும் கேமராவைத் தட்டும்.

ஒரு படம் வெளிச்சம், அடுத்தது இருட்டு. டிரிக்கர் கோளாறா?

மேலே டியூப் லைட் எரிகிறதா? நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். 10 மில்லி செகண்டுக்குக் குறைந்த எக்ஸ்போஷர் அந்த ஏற்றத்தில் விழுந்தால் வெளிச்சம், இறக்கத்தில் விழுந்தால் இருட்டு. டிசி-யில் எரியும் லைட் வைத்து, சுற்றி ஒரு கூண்டு கட்டி வெளி வெளிச்சத்தை மறைத்துவிடுங்கள்.

இன்னும் நல்லது ஸ்ட்ரோப், படம் எடுக்கும் கணத்தில் மட்டும் லைட் மின்னுவது. கேமராவின் அவுட்புட் லைனில் எக்ஸ்போஷர் ஆக்டிவ் என்று தேர்ந்தெடுத்தால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் மட்டும் சிக்னல் வரும், அதை லைட் கன்ட்ரோலருக்குக் கொடுங்கள். கன்ட்ரோலருக்கு, லைட்டுக்கு நேராக அல்ல. கேமரா அவுட்புட் சில பத்து மில்லி ஆம்ப்தான் தாங்கும், லைட்டை அதில் மாட்டினால் முதல் ஃபிளாஷே கடைசி ஃபிளாஷ்.

ரோலிங் ஷட்டர் கேமரா விலை குறைவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

ஓடும் பெல்ட்டுக்கு வேண்டாம். வரிசை வரிசையாக எக்ஸ்போஷர் ஆவதால் நேர்க்கோடு சாய்கோடாகும். எல்லா வரிசையும் ஒரே நேரத்தில் பதியும் குளோபல் ஷட்டர் என்று கேட்டு வாங்குங்கள்.

1000 பாக்கெட் போனது, 988 படம்தான் இருக்கிறது. மீதி 12 எங்கே?

இந்தக் கேள்விக்கு ஊகத்தில் பதில் சொல்பவரை நம்பாதீர்கள், மூன்று இடத்தில் எண்ண வேண்டும். சென்சார் எத்தனை தடவை தட்டியது என்று பிஎல்சியில் ஒரு கவுன்ட். எக்ஸ்போஷர் ஆக்டிவ் அவுட்புட் எத்தனை தடவை வந்தது என்று இன்னொரு கவுன்ட். கம்ப்யூட்டருக்கு எத்தனை முழுப் படம் வந்தது என்று மூன்றாவது.

முதல் எண்ணே குறைந்தால் சென்சார் பார்க்கவில்லை, கண்ணாடியைத் துடைக்கத் துணியை எடுங்கள். முதலாவது சரி, இரண்டாவது குறைகிறது என்றால் கேமரா தயாராகும் முன்பே சிக்னல் வந்திருக்கிறது. 5 மெகாபிக்சல் கறுப்பு வெள்ளைப் படம் சுமார் 5 மெகாபைட், கிகாபிட் கேபிளில் நடைமுறையில் நொடிக்கு 110 மெகாபைட் சொச்சம்தான் போகும், ஆக நொடிக்கு 22 படம்தான் உச்சம். சராசரியாக நொடிக்கு 5 பாக்கெட்தானே என்பீர்கள். சராசரி உதவாது, ஒரு பாக்கெட் இன்னொன்றின் மேல் ஏறிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் இரண்டு சிக்னலுக்கு நடுவே 45 மில்லி செகண்ட்கூட இல்லாமல் போகலாம். படத்தில் தேவையில்லாத மேல் கீழ் பகுதியை வெட்டினால் கேமரா சீக்கிரம் தயாராகும், டிரிக்கர் ஓவர்லாப் (முந்தைய படம் முழுதாக வெளியேறும் முன்பே அடுத்த சிக்னலை ஏற்கும் செட்டிங்) இருந்தால் ஆன் செய்யுங்கள்.

இரண்டாவதும் சரி, மூன்றாவதுதான் குறைகிறது என்றால் டிரிக்கருக்குச் சம்பந்தமில்லை, நெட்வொர்க்கில் துண்டு துண்டாகப் போகும் படத்தில் சில துண்டுகள் தொலைகின்றன. கம்ப்யூட்டரில் ஜம்போ ஃப்ரேம் (ஒரு துண்டின் அளவைப் பெரிதாக்கும் செட்டிங்) 9000 வைத்தீர்களா, நடுவில் இருக்கும் ஸ்விட்ச் அதைத் தாங்குமா, ஆபீஸ் பிரிண்டரும் பில்லிங்கும் அதே ஸ்விட்சில் தொங்குகிறதா? கேமராவுக்குத் தனி நெட்வொர்க் போர்ட் கொடுத்துவிட்டால் இதில் பாதி தீரும்.

பாக்கெட்டே வராதபோது ராத்திரியில் தானாகப் படம் எடுக்கிறதாம். வாட்ச்மேன் பயப்படுகிறார்.

பேய் இல்லை, மோட்டார். வேக டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளும் டிரிக்கர் வயரும் ஒரே டக்டில் கைகோத்துப் போனால், மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் டிரிக்கர் வயரில் ஒரு குத்து விழும். வயரைத் தனி வழியில் கொண்டுபோங்கள், குறுக்கே போயே ஆக வேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்கட்டும், ஷீல்டு உள்ள முறுக்கு ஜோடி வயர் போடுங்கள். டிபவுன்சரில் 100 மைக்ரோ செகண்ட் வைத்தாலே பெரும்பாலான குத்துகள் ஒழியும், ஆனால் முதலில் வயர், அப்புறம் செட்டிங்.

இரண்டு கேமரா ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும்.

பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒரே சென்சார் வயரை இரண்டு கேமராவுக்கும் கொடுங்கள், ஆப்டோ இன்புட் இழுப்பது சில மில்லி ஆம்ப்தான். தூரத்தில் இருக்கின்றன, வயர் இழுக்க முடியாது என்றால் நெட்வொர்க்கிலேயே ஒரு வழி உண்டு: ஐஇஇஇ 1588 முறையில், பிடிபி என்பார்கள், கேமராக்களின் கடிகாரங்களை மைக்ரோ செகண்ட் அளவில் ஒன்றாக்கிவிட்டு, "இன்ன நேரத்துக்கு எடு" என்று எல்லோருக்கும் ஒரே ஆக்‌ஷன் கமாண்ட் அனுப்புவது. கிக்-ஈ விஷன் 2.0-ல் வந்த வசதி. நன்றாக வேலை செய்கிறது, ஆனால் நேரத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும், சென்சார் தட்டியதும் எடுப்பதற்கு அது வராது. மூன்று கேமராவுக்குக் கீழே என்றால் நான் இன்னமும் வயர்தான்.

கரண்ட் போய் வந்தால் டிரிக்கர் மோட் ஆஃப் ஆகிவிடுகிறதே?

செட்டிங்கை மாற்றினீர்கள், சேமிக்கவில்லை. யூசர் செட் 1-ல் (கேமராவுக்குள் செட்டிங்கைச் சேமிக்கும் இடம்) சேவ் செய்து, ஸ்டார்ட்-அப்பில் அதையே எடுக்கும்படி வையுங்கள். இரண்டாவது படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

காபிக் கொட்டையைத் தரம் பிரிக்க ஒவ்வொரு கொட்டைக்கும் டிரிக்கர் கொடுக்க முடியுமா?

முடியாது, தேவையும் இல்லை. சரிவில் கொட்டைகள் கொத்துக் கொத்தாக விழும். 20 சென்டிமீட்டர் விழுந்ததும் நொடிக்கு 2 மீட்டர் வேகம் வந்துவிடும். நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சார்ட்டர் இயந்திரங்கள், ஒரு நேரத்தில் ஒரே ஒரு வரிசையைப் படமெடுக்கும் லைன் ஸ்கேன் கேமராவை ஓயாமல் ஓடவிட்டுத்தான் பார்க்கின்றன. சாதாரண கேமராவில் சும்மா மாதிரி பார்க்கிறீர்கள் என்றால் டிரிக்கர் இல்லாமல், 50 மைக்ரோ செகண்ட் எக்ஸ்போஷரில் விடுங்கள், இழுப்பு 0.1 மி.மீ.தான். ஏற்காட்டில் எனக்குத் தொல்லை கொடுத்தது டிரிக்கர் அல்ல, காலைப் பனியில் லென்ஸ் மேல் படியும் ஈரம். கேமராவை இரவில் அணைக்காமல் விட்டால் அதன் சூட்டிலேயே பெரும்பாலும் காய்ந்திருக்கும்.

எஸ்டேட்டில் ஒரு ஷெட்டிலிருந்து இன்னொரு ஷெட்டுக்குக் கேபிள் இழுக்கலாமா? 80 மீட்டர்தான்.

நீளம் சரி, இடி சரியில்லை. மலையில் பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு ஷெட்டின் எர்த்துக்கும் நடுவே வரும் வோல்ட் அந்தச் செப்புக் கேபிள் வழியாகத்தான் ஓடும், கேமரா, ஸ்விட்ச், கம்ப்யூட்டர் மூன்றும் ஒரே நேரத்தில் போகும். ஷெட்டுக்கு ஷெட் ஃபைபர் போட்டு, இரு முனையிலும் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரையும் செப்புக் கேபிளையும் இணைக்கும் சின்னப் பெட்டி) வையுங்கள். டிரிக்கர் சென்சாரும் கேமரா இருக்கும் ஷெட்டிலேயே இருக்கட்டும். ஒரு கன்வர்ட்டர் கூடுதலாக வாங்கி எஸ்டேட்டிலேயே வைத்துவிடுங்கள். அது ஒன்றுக்காக 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்துக்கு வந்து திரும்ப ஏறினால் ஒரு நாள் முழுசாகப் போய்விடும்.